சான்றிதழ் வேறு, உரிமம் வேறு

தூத்துக்குடி விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலையில் வாகைகுளத்தில் திறக்கப்பட்டது. ஓடுபாதை மூன்று கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கோவில்பட்டியில் கிடக்கும் பழைய ஓடுதளத்தில் விமானிப் பயிற்சிப் பள்ளி கொண்டுவரத் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ முயன்று வருகிறது. பிள்ளையை விமானப் பராமரிப்புப் படிப்பில் சேர்க்கலாமா என்று கரிசல்காட்டுப் பெற்றோர் யோசிப்பது இயல்பே. சேர்க்கலாம். ஆனால் உளுந்தும் மக்காச்சோளமும் விற்ற பணத்தைக் கட்டுமுன் சில விஷயங்கள் தெளிவாக வேண்டும்.

ஏரோநாட்டிக்கல் பி.இ. என்பது விமானத்தை வடிவமைப்பது பற்றிய பட்டம். பழுது பார்த்த விமானம் பறக்கலாம் என்று கையெழுத்திட அது போதாது. அதற்கு டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் உரிமம் வேண்டும். அதைப் பெற்றவர்தான் ஏ.எம்.இ. எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளர். உரிமம் இல்லாமல் ஹேங்கரில் உழைப்பவர் டெக்னீஷியன். சக்கரம் மாற்றுவதும் உறுப்புகளைக் கழற்றி மாட்டுவதும் அவர் வேலை. பொறுப்பேற்றுக் கையெழுத்திடுவது வேறொருவர். சம்பளத்தில் இருவருக்கும் இடையே வெகுதூரம். விளம்பரங்கள் பட்டம், உரிமம், டெக்னீஷியன் வேலை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் ஏ.எம்.இ. படிப்பில் சேரலாம். ஆனால் படிப்பை முடித்ததும் உரிமம் தானாகக் கைக்கு வராது. டி.ஜி.சி.ஏ. தேர்வில் ஒவ்வொரு பாடத்திலும் 75 சதவீதம் எடுக்க வேண்டும். பறக்கும் நிலையில் உள்ள விமானங்களில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்த அனுபவமும் வேண்டும். அதன்பின் ஏ320, ஏடிஆர் என ஒவ்வொரு ரகத்துக்கும் தனிப் பயிற்சி. கையேடுகள் எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்தவர் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் வாசித்துப் பழக வேண்டும்.

வேலை இருக்கிறதா? இருக்கிறது. 2023இல் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. ஆனால் வாகைகுளத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வந்த விமானம் சிறிது நேரத்தில் திரும்பிவிடும் நிலையத்துக்குச் சிலர் போதும். பெரிய பராமரிப்பு வேலை டெல்லி, மும்பை, ஐதராபாத், பெங்களூரு, ஓசூர் போன்ற இடங்களில்தான். ஊரை விட்டுப் போகத் தயாராக வேண்டும். கிங்ஃபிஷர் 2012இலும் ஜெட் ஏர்வேஸ் 2019இலும் கோ ஃபர்ஸ்ட் 2023இலும் பறப்பதை நிறுத்தியபோது, கைத்தொழில் தெரிந்தவர்களும் தெருவில் நின்றார்கள் என்பதை மறக்கக் கூடாது.

பணிச்சூழல் கடினமானது. விமானங்கள் பெரும்பாலும் பகலில் பறக்கின்றன. பராமரிப்பின் பெரும்பங்கு இரவில் நடக்கிறது. எஞ்சின் இரைச்சல், வெயிலில் கொதிக்கும் தளம், தோலையும் கண்ணையும் எரிக்கும் ஹைட்ராலிக் திரவம். 2022 ஜூலையில் குறைந்த சம்பளத்தை எதிர்த்து இண்டிகோ டெக்னீஷியன்கள் பலர் ஒரே நேரத்தில் மருத்துவ விடுப்பில் போனார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்றே கருதுகிறேன்.

சம்பளமும் பணிச்சூழலும் அவர்களுடைய வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. 1990 ஜூன் 10 அன்று பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றின் முன்கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானி பாதி உடல் வெளியே தொங்க உயிர் தப்பினார். கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84, தேவையானதைவிட மிகச் சிறிதளவு விட்டம் குறைந்தவை. அந்த வேலை நடந்தது விடிவதற்கு முந்தைய நேரத்தில், ஆள் குறைந்த ஷிஃப்டில். தூக்கமும் ஆள்பலமும் நியாயமான சம்பளமும் பயணிகளின் பாதுகாப்பைச் சேர்ந்தவை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கட்டணம் கட்டுமுன் அந்த நிறுவனத்தின் பெயர் டி.ஜி.சி.ஏ. அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, எந்தப் பிரிவுக்கு என்று பாருங்கள். விமானத்தில் செய்முறைப் பயிற்சி எந்த ஊரில், எந்த நிறுவனத்தில், எத்தனை மாதம் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் பணம் கட்டாதீர்கள்.