பதினான்கு நாளில் எட்டு வாரப் பாடமா?

தனிமைப்படுத்தப்பட்ட நோயாளிகளுக்குக் கைபேசி வழியே கற்றுத்தரப்படும் முழுக்கவனப் பயிற்சி, ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் 2020-ல் கரோனா வார்டுகளுக்குள் நுழைந்தது. கவச உடைக்குள் கண் மட்டும் தெரிய வந்த மருத்துவர், கட்டிலருகே இரண்டு நிமிடம் நின்றாலே பெரிது என்றிருந்த காலம் அது. மனநல ஆலோசகர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வழியே இல்லை. தலையணைக்கடியில் கிடந்த கைபேசிதான் நோயாளிக்கு மிஞ்சிய ஒரே வாசல்.

இந்தப் பயிற்சிக்கு இன்றைய மருத்துவ வடிவத்தைக் கொடுத்தவர் ஜான் கபாட்-ஜின். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில், நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்தவர்களுக்காக, பௌத்த தியான முறைகளைச் சமயச் சடங்குகள் இல்லாமல் அவர் தொகுத்தார். மொத்தம் எட்டு வாரம். வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். வீட்டில் தினமும் முக்கால் மணி நேரப் பயிற்சி, நடுவில் ஒருநாள் முழுவதும் மௌனம். தொடக்கப் பாடங்களில் ஒன்று, ஓர் உலர்திராட்சையைப் பார்த்து, தடவி, முகர்ந்து, நிதானமாக மென்று தின்பது. மனம் வேறெங்கோ ஓடும். ஓடியதைக் கவனித்து, திட்டாமல் திரும்ப அழைத்து வர வேண்டும். பயிற்சியின் சாரம் அவ்வளவுதான். ஆனால் அது பழக்கமாவதற்கு எட்டு வாரம் வேண்டும் என்பதே அதை வகுத்தவர்களின் கணக்கு. கரோனா தனிமையோ அப்போது பெரும்பாலும் பதினான்கு நாள். ஆகவே வார்டில் கொடுக்கப்பட்டது முழுப் பயிற்சி அல்ல, அதிலிருந்து பிய்த்தெடுத்த சில துண்டுகள்.

தனிமை மனத்தை என்ன செய்கிறது என்பது கரோனாவுக்கு முன்பே ஓரளவு தெரிந்த விஷயம். 2003-ல் சார்ஸ் தொற்று பரவிய டொராண்டோவில் தனிமைப்படுத்தப்பட்ட 129 பேரிடம் நடத்திய ஆய்வில், 28.9 சதவீதத்தினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோயின் அறிகுறிகளும் 31.2 சதவீதத்தினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் தென்பட்டன. நாள் கூடக்கூடப் பாதிப்பும் கூடியது. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் இதுபோன்ற 24 ஆய்வுகளை அலசி, 2020 பிப்ரவரியில் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். நீண்ட அடைப்பு, தொற்று அச்சம், சலிப்பு, தேவையான பொருள் கிடைக்காமை, சரியான தகவல் கிடைக்காமை, வருமான இழப்பு, ஊராரின் ஒதுக்கல் ஆகியவற்றையே அவர்கள் காரணங்களாகக் கண்டனர். இவற்றில் அச்சமும் சலிப்பும் மட்டுமே தியானத்துக்கு ஓரளவு வசப்படக்கூடியவை. பரிசோதனை முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் தவிப்பவருக்கு வேண்டியது முடிவு. தினக்கூலி போனவருக்கு வேண்டியது பணம். சென்னையில் கரோனா நோயாளிகளின் வீட்டு வாசலைத் தகரம் அடித்து மறைத்தபோது உள்ளே இருந்தவர்கள் பட்ட அவமானத்துக்கு எந்த ஒலிப்பதிவிலும் மருந்தில்லை.

பயன் உண்டா என்றால், உண்டு என்று சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் சிறியவை. 2020-ல் சீன ஆய்வாளர்கள் லேசான, மிதமான கரோனா பாதிப்புள்ள 26 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இரண்டு வாரம் இணையவழிப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சுத் தளர்வு, உடலைப் படிப்படியாகக் கவனித்தல் போன்றவை அதில் இருந்தன. பயிற்சி பெற்றவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்தன. அதே ஆண்டு ஹைனானில் 51 நோயாளிகளிடம் இன்னொரு சோதனை நடந்தது. அதில் தியானமே கிடையாது. தசைகளை இறுக்கித் தளர்த்தும் பழைய பயிற்சிதான், தினமும் அரைமணி நேரம், ஐந்து நாள். அங்கும் பதற்றம் தணிந்தது, தூக்கம் சீரானது. அப்படியானால் முதல் ஆய்வில் வேலை செய்தது முழுக்கவனமா, அல்லது அமைதியான குரல் ஒன்று தினமும் தவறாமல் வந்து பேசியதா? 26 பேரை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது.

நுரையீரல் நோய்க்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இப்பயிற்சியில் கவனத்தை நிறுத்த வழக்கமாகப் பிடித்துக்கொள்ளும் கொழுகொம்பு மூச்சு. கரோனா நோயாளிக்குப் பயமே மூச்சில்தான் இருக்கிறது. விரல்நுனியில் ஆக்ஸிமீட்டரை மாட்டிக்கொண்டு, 95, 94 என்று மாறும் எண்ணை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்ப்பவரிடம் ‘மூச்சைக் கவனியுங்கள்’ என்றால், ஏற்கெனவே அதைத் தவிர வேறெதையும் கவனிக்காதவரை மேலும் அதிலேயே தள்ளுவதாகும். மூச்சு முட்டுகிறதோ என்ற சந்தேகம் படபடப்பாக முற்றவும் கூடும். இத்தகையவர்களுக்குப் பாதம் படும் இடம், உள்ளங்கைச் சூடு, மின்விசிறியின் ஓசை என்று கொழுகொம்பை மாற்றித் தருவது நல்லது. கண்ணை மூடச் சொல்வதையும் தவிர்க்கலாம்.

மொழியும் இதில் சேரும். ‘தற்கணத்தில் நிலைத்திருங்கள்’ என்று ஒலிப்பதிவில் கேட்கும் அறுபது வயது அம்மாளுக்கு அது வானொலிச் செய்தி போலத்தான் இருக்கும். ‘கால் தரையில படுதா, சில்லுனு இருக்கா பாருங்கம்மா’ என்றால் அவர் உடனே காலைப் பார்ப்பார். கைபேசி நடைமுறைக்கும் தனிக் கணக்கு உண்டு. குடும்பத்துக்கு ஒரே ஸ்மார்ட்போன் என்றால் அது வார்டுக்கு வராது. வந்தாலும் பக்கத்துக் கட்டிலின் இருமலுக்கு நடுவே காதொலிப்பான் இல்லாமல் கேட்க முடியாது. ஐம்பது நிமிட வீடியோவைவிடப் பத்து நிமிட ஒலிப்பதிவும், நாள்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பும் அங்கே அதிகம் உதவும். அழைப்பு முக்கியம், ஏனெனில் பயிற்சியால் ஒருவருக்குப் பதற்றம் கூடுகிறதா என்பதை ஒலிப்பதிவு கண்டுபிடிக்காது. கடும் காய்ச்சலில் பிதற்றுபவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், மனச்சிதைவு நோய் உள்ளவர் ஆகியோரைச் செயலியின் பொறுப்பில் விடவே கூடாது. அவர்களுக்கு மனநல மருத்துவர் தேவை. 2022 அக்டோபர் 10 முதல் செயல்படும் டெலி-மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவையின் 14416 எண் இப்போது அதற்கு ஒரு வழி.

இணையவழிக்கு உள்ள உண்மையான வசதி, வார்டைவிட்டு வெளியேறிய பிறகுதான் தெரிகிறது. வீடு திரும்பியவருக்கு அசதி தொடரலாம், தூக்கம் கெடலாம், அக்கம்பக்கத்தார் விலகிப் போகலாம். வார்டில் பழகிய அதே குரல், அதே கைபேசியில் இன்னும் ஆறு வாரம் வரலாம். டிஸ்சார்ஜ் சீட்டோடு பயிற்சியையும் முடித்துவிடும் திட்டங்கள், எட்டு வாரப் பாடத்தில் முதல் இரண்டை மட்டுமே நடத்துகின்றன.