குளிசையின் நேரமும் வைத்தியத்தின் தரமும்

பார்க்கின்சன் நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆயினும் முறையான பராமரிப்பு பெறும் நோயாளர் பல ஆண்டுகள் தம் அலுவல்களைத் தாமே கவனித்து வாழ முடியும். ஆகவே, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே வயல்கள் சூழ அமைந்த கிளிவெட்டி போன்ற ஊர்களில் இந்நோயோடு முதுமையைக் கழிப்போருக்கு, நகரத்தவர் பெறும் அதே தரமான வைத்தியம் அருகிலுள்ள மூதூரிலேயே கிடைக்க வேண்டும்.

மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதால் நடுக்கமும் தசை இறுக்கமும் அசைவில் மந்தமும் தோன்றுகின்றன. மூளையை அடைந்து டோபமைனாக மாறும் லெவோடோபாவும், அது வழியில் வீணாகாமல் காக்கும் காபிடோபாவும் சேர்ந்த குளிசையே முதன்மை மருந்தாகும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது உள்ளது. நோய் முற்ற முற்ற ஒரு வேளைக் குளிசையின் பயன் சில மணி நேரத்திலேயே தேய்ந்துவிடுவதால், நேரம் தவறினால் உடல் இறுகி அசைவு தடைப்படுகிறது; மருந்து திடீரென நின்றால் கடுங்காய்ச்சலும் உயிராபத்தும்கூட நேரலாம். வேறு நோய்க்காக வைத்தியசாலை விடுதியில் சேர்ந்தவருக்குக் குமட்டலைத் தணிக்க மெட்டோகுளோபிரமைட்டோ மனக்குழப்பத்துக்கு ஹலோபெரிடோலோ கொடுக்கப்பட்டால், அவை டோபமைனின் செயலைத் தடுத்து நோயை மோசமாக்கும்.

அமெரிக்காவில் முதியோர் மருத்துவக் காப்புறுதி பெற்ற நோயாளரை ஆராய்ந்து 2011இல் வெளியான ஆய்வு, நரம்பியல் நிபுணரின் பராமரிப்பில் இருந்தவர்களிடையே இடுப்பெலும்பு முறிவும் இறப்பும் குறைவாக இருந்ததைக் காட்டியது. வசதி படைத்தோரே நிபுணரை நாடியிருக்கலாம் என்ற ஐயம் எழக்கூடுமாயினும், வைத்தியத்தின் தரத்தைப் புறக்கணிக்க அது காரணமாகாது.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் மூதூரிலிருந்து திருகோணமலைக்கான தரைவழிப் பயணம் எளிதாகியது உண்மையே. ஆனால், அடியெடுத்து வைக்கவே தடுமாறுபவர் பஸ் ஏறி இறங்கும் சிரமத்தைப் பாலம் போக்கிவிடாது. 2022இன் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இலங்கையெங்கும் ஏற்பட்ட மருந்துத் தட்டுப்பாடு, இலவச வைத்தியமும் கையிருப்பு இன்றேல் பயன்தராது என்பதை உணர்த்தியது.

நிபுணர்கள் போதாமையைக் காரணம் காட்டி இக்கடமையைத் தள்ளிவைக்கலாகாது. நெதர்லாந்தில் 2004இல் தொடங்கிய பார்க்கின்சன்நெட், இந்நோயில் சிறப்புப் பயிற்சி பெற்ற இயன்மருத்துவர் முதலியோரை வட்டாரந்தோறும் ஒருங்கிணைத்தது. சுகாதார அமைச்சும் கிழக்கு மாகாணச் சுகாதாரத் திணைக்களமும் மூதூர் ஆதார வைத்தியசாலையில் நரம்பியல் நிபுணரின் மாதாந்தக் கிளினிக்கையும் இயன்மருத்துவத்தையும் உறுதிசெய்து, சில மாதங்களுக்கான குளிசைகளை முற்கூட்டியே இருப்பில் வைத்தல் வேண்டும். தவிர்க்கவேண்டிய மருந்துகளின் பட்டியலை விடுதிதோறும் ஒட்டி, நோயாளர் வீட்டில் வழக்கமாக உட்கொள்ளும் நேரத்திலேயே குளிசை வழங்கத் தாதியரைப் பணிப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. அதனை இம்மாதமே தொடங்கலாம்.