விலக்கு வந்தால் பால் கெடாது!

நேற்று சதுரங்கப்பட்டினம் கோட்டைப் பக்கம் என் பழைய மாணவியைப் பார்த்தேன். இடுப்பில் ஒன்றரை வயதுக் குழந்தை, ஓயாத அழுகை. "மாதவிலக்கு திரும்ப வந்துடுச்சு டீச்சர். இனி பால் கெட்டுப்போகும்னு அத்தை மார்ல வேப்பெண்ணெய் தடவச் சொல்லிட்டாங்க" என்றாள்.

என்ன அநியாயம் இது! பக்கத்துக் கல்பாக்கத்தில் அணு உலை ஓடுகிறது. நம் வீட்டுக்குள் இன்னும் தீட்டு ஓடுகிறது.

குழந்தை இட்லி, சோறு தின்னத் தொடங்கி, பால் குடிப்பது குறைந்தால் விலக்கு திரும்புவது இயல்பு. அந்த நாட்களில் சிலருக்குப் பால் கொஞ்சம் குறையலாம். கெடாது. 2 வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கவலைப்பட வேண்டியது வேறு. "பால் கொடுத்தால் கரு தங்காது" என்று நம்பி ஏமாந்தவள் நான். குழந்தைக்கு 6 மாதம் நிறையாமல், தாய்ப்பால் மட்டுமே குடித்து, விலக்கும் வராமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று போனாலும் நம்ப முடியாது.

மாமியார்களே, வேப்பெண்ணெயை எடுத்து வையுங்கள். மருமகளை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். காப்பர்-டி பற்றிக் கேட்கட்டும். மகன்களே, நீங்களும் கூடப் போங்கள்.