பல் வைத்தியர்களும் பங்குக் கூலியும்

டாக்டர்களுடைய சம்பள விஷயத்தைப் பற்றி நமது பத்திரிகை ஏன் எழுத வேண்டும் என்று தென்காசி, குற்றாலம் பக்கத்துத் தோழர்கள் சிலர் கேட்கக் கூடும். டாக்டர் என்றாலே பணக்காரர் என்று நம்புவதும் ஒருவித மூட நம்பிக்கையேயாகும். தனக்குச் சொந்தமில்லாத இடத்தில், தனக்குச் சொந்தமில்லாத கருவிகளைக் கொண்டு உழைத்து, பிறர் போட்ட கணக்கின்படி கூலி பெறுகிறவர் எவரோ, அவர் தொழிலாளியே. கையில் இருப்பது மண்வெட்டியானாலென்ன, பல் பிடுங்கும் குறடானாலென்ன?

ஐந்து வருஷம் படித்துப் பட்டம் பெற்றாலும், நாற்காலியும் எக்ஸ்ரே கருவியும் வாங்கிச் சொந்தமாகத் தொழில் தொடங்க லட்சக் கணக்கில் பணம் வேண்டும். அது இல்லாத இளம் டாக்டர், முன்பே பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் ஒருவரிடம் போய் வேலைக்கு அமர்கிறார். 2019-ம் வருஷத்தில் தனி ஜில்லாவாகிய தென்காசியானாலும் சரி, வேறு எந்த ஊரானாலும் சரி, இதுதான் வழக்கம். கூலியோ பெரும்பாலும் வாய்ப் பேச்சில் முடிகிறது. "வசூலில் நூற்றுக்கு 40 உமக்கு" என்பார்கள். எந்த நூற்றுக்கு என்று சொல்லுவதில்லை.

உதாரணமாக, ஒரு பல்லுக்குக் கேப் போட நோயாளி 5,000 ரூபாய் கொடுக்கிறார் என்றும், கேப் செய்த லேப்புக்கு 1,000 ரூபாய் போகிறது என்றும் வைத்துக் கொள்வோம். மொத்தத்தில் நூற்றுக்கு 40 என்றால் வேலை செய்தவருக்கு 2,000 ரூபாய். லேப் கூலியைக் கழித்து மிச்சத்தில் 40 என்றால் 1,600. லேப் கூலி முழுவதையும் அவர் பங்கிலேயே கழித்தால் 1,000. சொல் ஒன்று, கூலி மூன்று! மாதக் கடைசியில் எந்தக் கணக்கு வரும் என்பது முதலாளியின் மனத்துக்கு மட்டுமே தெரியும்.

வாரத்துக்கு உழுகின்ற நமது குடியானவர்களுக்கு இந்தச் சூழ்ச்சி புதிதல்ல. களத்தில் எதை முதலில் கழிப்பது என்பதிலேயே அவர்கள் வயிறு அடிபட்டு வந்தது. அதனால்தான் 1956-ம் வருஷத்தில் சென்னை ராஜ்யத்தில் வந்த நியாயக் குத்தகைச் சட்டம், நஞ்சையில் நில சொந்தக்காரருக்கு 40 பங்கு என்று சொன்னதோடு நிற்காமல், அது மொத்த விளைச்சலில் என்றும் எழுதி வைத்தது. பல் வைத்தியத்துக்கோ 1948-லும் சட்டம் வந்தது, 2023-லும் சட்டம் நிறைவேறியது. யார் படிக்கலாம், யார் தொழில் செய்யலாம் என்பதைப் பற்றியெல்லாம் அவற்றில் உண்டு. பங்குக் கணக்கைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

முதலாளியின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. வாடகை, மின்சாரம், உதவியாளர் சம்பளம், பாங்கி வட்டி எல்லாம் அவர் தலையில்தான் விழுகின்றன. ஆகவே லேப் கூலியை இருவர் பங்கிலும் விகிதப்படி கழிப்பது நியாயமே. ஆனால் பில்லைக் காட்டிக் கழிக்க வேண்டும் என்கிறோம்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானங்கள் விசித்திரமானவை. "என் கைராசிக்குத்தான் ஜனங்கள் வருகிறார்கள்" என்கிறார் முதலாளி. பல்லைத் தொட்டது ஒருவருடைய கை. ராசி மட்டும் மற்றொருவருக்கா? "தொழில் கற்றுக் கொடுக்கிறேனே" என்று கூறுகிறவர்களும் உண்டு. குருவின் பெயரால் ஏகலைவனின் கட்டை விரலை வாங்கிய நீதி இந்தக் காலத்திலும் செல்லுமா? கற்றுக் கொடுப்பதற்கு விலை உண்டானால், அதையும் கணக்கில் எழுதட்டும். பெண் டாக்டராயிருந்தால், "உமக்கென்ன, வீட்டுக்காரர் சம்பாதிக்கிறாரே" என்று கூலியைக் குறைப்பதைப் போன்ற அயோக்கியத்தனம் வேறில்லை.

வேலையை விட்டுப் போனால் இத்தனை மைலுக்குள் தொழில் வைக்கக் கூடாது என்று எழுதி வாங்குவதும் உண்டு. இதற்கு இளைஞர்கள் பயப்பட வேண்டியதில்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, வேலையை விட்ட பின்னும் ஒருவரைத் தன் தொழிலைச் செய்யவொட்டாமல் தடுக்கும் நிபந்தனை பொதுவாகச் செல்லாது.

நிற்க, இது டாக்டர்கள் இருவருக்குள் நடக்கும் தகராறு மட்டுமல்ல. நிச்சயமான வருமானம் ஏதுமின்றிப் பங்கை மட்டுமே நம்பியிருப்பவருக்கு, அடைத்தாலே போதுமான பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யத் தோன்றாதா? அந்தச் செலவு யாருடையது? தோழர்களே, உங்களுடையதுதான்.

ஆகவே நாம் கேட்பது அதிகமொன்றுமில்லை. பங்கு எதிலிருந்து, எதைக் கழித்து என்பது காகிதத்தில் இருக்க வேண்டும். வசூல் கணக்கை இருவரும் பார்க்க வேண்டும். நோயாளி வராத நாளுக்கும் குறைந்தபட்சக் கூலி ஒன்று வேண்டும். போட்ட கேப் கழன்றால் மறு வேலையின் செலவு யாருடையது என்பதும் முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். இங்கிலாந்தில் பிரிட்டிஷ் பல் வைத்தியர் சங்கம் தன் அங்கத்தினர்களுக்கு இதற்கென்று மாதிரி ஒப்பந்தமே தருகிறது. நமது ஜில்லாவிலுள்ள பல் வைத்தியர்களும் ஒன்றுகூடித் தமிழில் அப்படி ஒன்று எழுதிக் கொள்ளத் தடை என்ன?

நம்பிக்கை இருக்கும்போது எழுத்து எதற்கு என்பார்கள். நாணயமுள்ளவருக்கு எழுத்தினால் நஷ்டமில்லை; நாணயமில்லாதவருக்குத்தான் எழுத்து அவசியம் என்று சொல்லி இதை முடிக்கின்றோம்.