பூனையின் முதுகில் படியும் புகை



காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் உள்ள ஓரிக்கையில் எங்கள் உறவினர் இல்லம் ஒன்றுண்டு. சென்ற மாதம் அங்கு சென்றிருந்தபோது, கூடத்தில் பெரியவர் பீடி புகைத்துக் கொண்டிருந்தார். அவர் மடியில் வெள்ளைப் பூனையொன்று தன் முதுகை நக்கிக் கொண்டிருந்தது. கீழே பாயில் பேரக் குழந்தை தவழ்ந்து கொண்டிருந்தது.

"பிள்ளை இருக்கும் இடத்தில் புகை ஆகுமா, மாமா?" என்றேன்.

"ஜன்னல் பக்கம் திரும்பித்தானே தம்பி ஊதுகிறேன்!" என்றார்.

நம்மில் பெரும்பாலோர் கூறும் விடையும் இதுவே. ஊதிய புகை வெளியேறிவிட்டால் கேடும் வெளியேறிவிட்டது என்று எண்ணுகிறோம். ஆனால் புகையின் ஒரு பகுதி சுவரிலும் திரைச்சீலையிலும் பாயிலும் படிந்து நெடுநாள் தங்கிவிடுகிறது. பூனையின் ரோமத்திலும் படிகிறது. பூனையோ நாள்தோறும் தன் உடலை நாவால் துடைத்துத் தூய்மை செய்யும் பிராணி. ஆகவே அது புகையைச் சுவாசிப்பதோடு நில்லாமல் உட்கொள்ளவும் செய்கிறது.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் மாசாசூசெட்ஸ் மாநிலத்தில், கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட பூனைகளை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். புகைப்போர் இல்லத்துப் பூனைகளுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, மற்றப் பூனைகளைவிட 2.4 மடங்கு, ஐந்தாண்டுகளோ அதற்கு மேலோ புகையிடையே வாழ்ந்தவற்றுக்கு 3.2 மடங்கு. பூனையை வீட்டுப் பிள்ளைபோல் பேணும் இல்லங்கள் நம்மிடையே எத்தனையோ! பாலும் மீனும் வைத்துவிட்டால் பேணியதாகிவிடுமா?

பட்டு நெய்யும் காஞ்சி வட்டாரத்தாருக்கு இன்னோர் உதாரணமும் சொல்லலாம். இங்கே தறியேறும் பட்டு நூலில் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. அந்நூலைத் தரும் புழுவை வளர்ப்போர், புகையிலைத் தோட்டத்துக்கு அருகே மல்பெரி பயிரிட அஞ்சுவார்கள். புகையிலையின் நிக்கோட்டின் படிந்த இலையைத் தின்ற புழு தலையை நிமிர்த்தி, வாயால் நீரைக் கக்கி, சுருண்டு மடியும். புழு வளர்க்கும் மனையில் புகைக்கக் கூடாது. புகையிலையைத் தொட்ட கையால் இலை போடவும் கூடாது. நம் உழவர்கள் அசுவினிப் பூச்சியை ஒழிக்கப் புகையிலைக் கஷாயம் தெளிப்பதும் இதே நஞ்சை நம்பித்தான். புழுவின் மனைக்கு இருக்கும் இந்தக் கட்டுப்பாடு மனிதர் வாழும் மனைக்கு இல்லை என்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

பெண்களின் நிலையும் பூனையின் நிலைக்கு வெகு தூரமன்று. ஜப்பானில் ஹிராயாமா என்ற அறிஞர், புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் கவனித்து 1981இல் முடிவை வெளியிட்டார். மிகுதியாகப் புகைத்த கணவர்களின் மனைவியருக்கு நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. அப்பெண்கள் ஒரு சிகரெட்டையும் தொட்டவர்கள் அல்லர்.

தவழும் குழந்தையோ பூனையைப் போன்றே தரையோடு வாழ்கிறது. பாயைத் தொட்ட கை உடனே வாய்க்குப் போகிறது. போதாதற்குப் பூனையையும் கட்டியணைக்கிறது!

நம் நாட்டில் 2008 அக்டோபர் 2 முதல் பொது இடங்களில் புகைப்பது தடுக்கப்பட்டுள்ளது. பேருந்து நிலையத்தில் தண்டம் விதிக்கலாம். நம் வீட்டுக் கூடத்துக்குள் அச்சட்டம் நுழையாது. அங்கே சொல்ல வேண்டியவர் இல்லத்தரசிதான். மாமனாரிடம் மருமகள் எவ்வாறு சொல்வது என்ற தயக்கம் எனக்கும் விளங்குகிறது. ஓரிக்கை மருமகளும் அன்று கதவருகே நின்று கேட்டுக் கொண்டிருந்தாரேயன்றி வாய் திறக்கவில்லை. ஆதலால் பூனையின் கதையை நானே பெரியவரிடம் விரிவாகச் சொன்னேன். குழந்தையைப் பற்றிச் சொன்னபோது சிரித்தவர், பூனையைப் பற்றிக் கேட்டதும் அதன் முதுகைத் தடவிப் பார்த்து மௌனமானார்.

சென்ற வாரம் மீண்டும் போயிருந்தேன். பீடிக் கட்டும் தீப்பெட்டியும் கொல்லைப்புறத் திண்ணைக்குப் போயிருந்தன. புகைத்து முடித்தவர் கிணற்றடியில் கைகழுவிய பிறகே உள்ளே வந்தார். பூனை மட்டும் அவரைத் தேடிக் கொல்லைக்கே போய்விடுகிறதாம். அதை எப்படித் தடுப்பது என்று என்னைக் கேட்டார்.