தெரிவது வேறு, அறிவது வேறு: இரவுக் கண்களின் எல்லை

புது தில்லி: எல்லையில் இரவுக் காவலில் இருக்கும் வீரரின் திரையில் வெண்மையாக ஓர் உருவம் நகர்கிறது. ஊடுருவல்காரரா, ஆடு மேய்ப்பவரா, திரும்பி வரும் சொந்த ரோந்துப் படையினரா? சில விநாடிகளில் அவர் முடிவெடுத்தாக வேண்டும். வெப்பத்தை உருவமாக்கிக் காட்டும் கருவியை வாங்குவதில் அரசு காட்டும் அக்கறை, அந்த உருவத்தை மனிதக் கண் எந்த அளவுக்குச் சரியாக அடையாளம் காண்கிறது என்பதிலும் இருக்க வேண்டும்.

1999 கார்கில் போருக்குப் பிறகே இக்கருவிகள் பற்றிய பேச்சு தலைநகரில் வலுத்தது. கே. சுப்பிரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழுவின் அறிக்கை 2000 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்டது. கண்காணிப்புச் சாதனங்களின் பற்றாக்குறையை அது சுட்டிக்காட்டியது. இன்று இத்துறையின் முக்கிய மையங்களில் ஒன்று பெங்களூரு. 1954-ல் தொடங்கப்பட்ட பொதுத்துறை நிறுவனமான பாரத் எலெக்ட்ரானிக்ஸின் தலைமையகம் அங்குதான் உள்ளது. தனியார் நிறுவனங்களும் அங்கே களமிறங்கியுள்ளன.

கருவியின் விவரக் குறிப்பில் முதலில் கண்ணில் படுவது, அது எத்தனை கிலோமீட்டர் 'பார்க்கும்' என்ற எண். ஆனால், பார்ப்பதில் படிநிலைகள் உண்டு. அமெரிக்க ராணுவ ஆய்வாளர் ஜான் ஜான்சன், பார்வையாளர்களை வைத்துச் செய்த சோதனைகளின் முடிவை 1958-ல் வெளியிட்டார். ஒரு பொருள் இருக்கிறது என்று அறிய, அதன் குறுக்கே ஒரு ஜோடி கருப்பு, வெள்ளைக் கோடுகளைப் பிரித்துக் காட்டும் தெளிவு போதும். அது மனிதனா, வாகனமா என்று சொல்ல 4 ஜோடி தேவை. எந்த ரகம் என்று உறுதி செய்ய 6-க்கும் மேல் வேண்டும். அதாவது 8 கி.மீ. தொலைவில் 'தெரியும்' பொருளை இனம் காண ஏறத்தாழ 2 கி.மீ. வரை நெருங்க வேண்டும். அப்போதும் சரியாகச் சொல்லும் வாய்ப்பு பாதிதான்.

இது தெளிவான வானிலைக்கான கணக்கு. காலையிலும் மாலையிலும் நிலமும் வாகனமும் ஒரே வெப்பநிலைக்கு வரும் நேரத்தில் உருவத்தின் விளிம்பு கரைந்துவிடும். மூடுபனியும் மழையும் படத்தை மேலும் மங்கச் செய்யும். மங்கிய படத்தில் மனம் எதிர்பார்ப்பதையே கண் காணும் அபாயம் அதிகம்.

இதன் விலை உயிர். 1991 வளைகுடாப் போரில் எதிரியுடனான மோதல்களில் பலியான 148 அமெரிக்க வீரர்களில் 35 பேர் சொந்தப் படையின் தாக்குதலுக்கே இரையானவர்கள். சில சம்பவங்களில், வாகனம் இருப்பது வெப்பத் திரையில் தெரிந்தது. அது யாருடையது என்பதுதான் தெரியவில்லை.

இந்தியாவுக்கும் ஒரு பாடம் உண்டு. 2001-ல் ரஷியாவுடன் ஒப்பந்தம் செய்து வாங்கப்பட்ட டி-90 டாங்கிகளில் இருந்த பிரெஞ்சுத் தயாரிப்பு வெப்பக் கருவிகள் ராஜஸ்தான் வெயிலில் பழுதடைந்தன. களத்துக்கு ஏற்ற சோதனை எவ்வளவு அவசியம் என்பதை அது உணர்த்தியது. அங்கே தோற்றது கருவி. திரையில் தோற்கக் கூடியது மனிதக் கண். அதற்கும் சோதனை தேவை.

ராணுவம் களச் சோதனை நடத்தாமல் இல்லை. ஆனால், பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கருவி எத்தனை கிலோமீட்டர் பார்க்கிறது என்பதல்ல அது. பனியிலும் புழுதியிலும் நூறு முறை பார்த்த சாதாரண ஜவான், எத்தனை முறை சரியாகச் சொன்னார் என்பதே அது. துப்பாக்கி விசையில் இருப்பது கருவியின் விரல் அல்ல, அந்த ஜவானின் விரல்.