அலுவலகக் கணக்கு

"ஹிட்லர் செய்தான், எளிய மக்கள் என் செய்வர்?" என்போர், பெர்லின் குரூனவால்டு இரயில் நிலையத்து 17ஆம் நடைமேடையில் சற்று நிற்கட்டும். 1998இல் எழுந்த அந்நினைவிடத்தில் 186 தண்டவாள வண்டிகளுக்கு 186 எஃகுத் தகடுகள். நாள், யூதர் எண்ணிக்கை, சென்ற ஊர், வேறொன்றுமில்லை. முதல் வண்டி 1941 அக்டோபர் 18இல் புறப்பட்டது. இரயில்வே அதற்குக் கட்டணமும் விதித்தது: பெரியவருக்குக் கிலோமீட்டருக்கு 4 ஃபென்னிக், சிறுவருக்குப் பாதி, கூட்டம் பெரிதாயின் தள்ளுபடி! இக்கணக்கை ஹிட்லரா எழுதினான்? மாதச் சம்பளம் பெற்ற எழுத்தர் எழுதினார். அகற்றப்பட்டோரின் கட்டிலும் பாத்திரமும் ஏலத்துக்கு வந்தன. வாங்கியோர் அவ்வூர் மக்களே.

திருச்சபையினராகிய நாமும் விலகி நிற்க இயலாது. யூத வழித்தோன்றல் அல்லர் என மெய்ப்பிக்க மக்கள் கேட்ட திருமுழுக்குச் சான்றுகளை, பழைய பதிவேடுகளைப் புரட்டி எழுதித் தந்தோர் என் போன்ற பங்குக் குருக்களே. சட்டம் கேட்டது, தந்தனர் என்பீர்கள். ஆம், அந்த எழுத்தரும் அதையேதான் சொல்வார்.

ஆனால், புனித எட்விக் பேராலயத்து அருட்தந்தை பெர்னார்டு லிக்டன்பெர்க் 1938 முதல் யூதருக்காக வெளிப்படையாகச் செபித்தார். செவியுற்ற இரு மாணவியர் காட்டிக்கொடுத்தனர். 1941இல் கைதான அவர், 1943இல் தாக்கவு முகாமுக்குக் கொண்டுசெல்லப்படும் வழியில் இறந்தார். அவரை அருளாளர் என அறிவிக்க நமக்கு 1996 வரை ஆயிற்று.